கதவைச் சாத்தியது யார்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதவைத் தாண்டினாலும் பின்னால் கையை நீட்டிச் சாத்திவிடுவேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போய்விடும். வீட்டுக்கு வந்தவர்களை வாசல் வரைக்கும் வழியனுப்பப் போய், அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறேன். இதற்காக அம்மா என்னைத் திட்டாத நாள் கிடையாது.

குற்றம் என்னுடையதல்ல, வேலை பார்க்கும் இடத்துடையது. காலப் பயண இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று விநாடிக்குள் சாத்தாவிட்டால் உள்ளே காற்றழுத்தம் இறங்கிவிடும், சைரன் அலறும், அன்றைய வேலை அத்தோடு சரி. பன்னிரண்டு வருடம் அந்தச் சைரனுக்குப் பயந்து வாழ்ந்தவள் நான். என் வேலை ஒலிப்பதிவு. பழைய காலத்துக்குப் போய், ஒரு மூலையில் நின்று, பேசுவதைப் பதிவு செய்துகொண்டு வந்துவிட வேண்டும். நாற்பது நிமிடம்தான் நேரம். எதையும் தொடக் கூடாது, யாரிடமும் வாயைக் கொடுக்கக் கூடாது.

என்னை அனுப்பிவைத்து, திரும்பும் வரை உள்ளறையில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் பொறியாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார், அதனால். அவர் முன்னால் சார், பின்னால் ஸ்கேல். அந்த உள்ளறைக்கு ஒரு விசேஷம் உண்டு. போனவர் பழைய காலத்தில் எதையாவது மாற்றிவிட்டால் வெளியே உலகம் முழுக்க மாறிவிடும். உள்ளறையில் இருப்பவரும் அங்கே உள்ள பதிவேடும் மட்டும் மாறுவதில்லை. போய்த் திரும்புகிறவரின் நினைவும் மாறாது. அதாவது, தப்பு நடந்தால் அது தெரியப்போவது இரண்டே பேருக்கு.

நான் பிறந்து வளர்ந்த சமயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவச்சி இருந்தாள். பிரசவம் பார்க்கக் கூப்பிட்டால் யார் எவர் என்று கேட்காமல் போவாள். போன இடத்தில் அவள் சொன்ன நல்ல வார்த்தைகளைக் கேட்டு ஜனங்கள் கூட ஆரம்பித்தார்கள். அப்படி வந்ததுதான் எங்கள் வழிபாடு. மருத்துவச்சி வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டுமில்லையா, அதனால் எங்கள் கூடங்களின் கதவுகளை நாங்கள் சாத்துவதே இல்லை. ஊருக்கு ஊர் கூடம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சபை.

அந்தச் சபைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. பேச்சுக்குக் கட்டுப்படாதவர்களைத் தள்ளி வைப்பது. தள்ளி வைத்தவரோடு யாரும் பேசக் கூடாது, தேடிப் போகக் கூடாது, தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கேட்டால், மருத்துவச்சி கடைசி மூச்சில் சொன்ன வார்த்தையை எடுத்துக் காட்டுவார்கள்: "போறவ போகட்டும்." கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டே ஆளை வெளியே தள்ளும் வித்தை எங்களுக்குத்தான் கைவந்திருந்தது.

என் அக்காவை அப்படித்தான் தள்ளி வைத்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று, எனக்குப் பதினேழு. சபை பேசி முடித்த கல்யாணத்தை, சபைக்கு நடுவில் எழுந்து நின்று வேண்டாம் என்றாள். ஒரு பையோடு தெருவில் இறங்கினவள், திரும்பிப் பார்த்து என்னைத் தேடினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனியாவிட்டால் என்னையும் தள்ளுவார்கள் என்ற பயம். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவளைத் தேடினேன். எந்த ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்தில் நின்று, இறங்கும் பெண்களின் முகத்தையெல்லாம் பார்ப்பேன். ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

ஆகவே, மருத்துவச்சி மறைந்த நானூறாவது வருடத்துக்காக அவளுடைய கடைசி வார்த்தையைப் பதிவு செய்து தரும்படி சபையே எங்கள் அலுவலகத்தைக் கேட்டபோது, நான் மற்ற ஒலிப்பதிவாளர்களோடு சண்டை போட்டு அந்த வேலையை வாங்கினேன். எனக்கு ஒரே ஒரு ஆசை. அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லவில்லை என்று சபைக்கு நடுவே போட்டுக் காட்டிவிட்டால் வழக்கம் ஒழியும். எங்கோ இருக்கும் அக்காவை நீ வீட்டுக்கு வா என்று ஊரறியக் கூப்பிடலாம்.

போனேன். அந்தக் காலத்துச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பதிவுக் கருவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் இறங்கினேன். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே மருத்துவச்சியின் வீடு. ஒரே அறை, தாழ்ந்த கூரை. வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நுழைந்தேன். எனக்கு ஒரு அடி முன்னால், முகத்தை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணும் நுழைந்தாள். உள்ளே எள் போட்டால் எள் விழாது. விளக்கெண்ணெய் வாசனை, வியர்வை வாசனை. கயிற்றுக் கட்டிலில் ஒரு சின்ன உருவம் படுத்திருந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது அந்தக் கைகள்தான். இதை நினைத்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினேன்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தக் கதவு சாத்தப்படவே இல்லை என்று நானூறு வருடம் பாட்டாகப் பாடியிருக்கிறோமோ, அந்தக் கதவு. திரும்பித் தாழ்ப்பாளைப் பிடித்தேன். அதற்குள் ஒருவர் கத்தினார். அவர்கள் பேசியது பழைய பேச்சு. நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இவளை யாரு உள்ள விட்டது? வெளிய போ!"

கத்தியது அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து. அவள் என்ன தப்பு செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தடியான ஆள் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். என்னை ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். மரத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. இழுக்கிறார், தட்டுகிறார், வரவில்லை. அந்தச் சத்தத்தில் கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன சத்தம்?"

"இவ வந்துட்டாம்மா. வெளிய அனுப்பணும். கதவு சாத்திக்கிச்சு, திறக்க வரல."

அவள் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாத்தியிருந்தா இருக்கட்டும். உள்ள வந்தவ உள்ளயே இருக்கட்டும்." மூச்சு வாங்கினாள். "நான் எத்தனையோ பேரை வெளிய கொண்டுவந்திருக்கேன். கையில ஏந்திக்கத்தான் கொண்டுவந்தேன். தள்ளுறதுக்கு இல்ல."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சாத்தாமல் இருந்திருந்தால், மருத்துவச்சி கண் விழிப்பதற்குள் இவளைத் தெருவில் தள்ளியிருப்பார்கள். என்ன சத்தம் என்று அவள் கேட்டிருப்பாள், ஒருத்தி போய்விட்டாள் என்று சொல்லியிருப்பார்கள், விவரம் தெரியாமல் அவளும் போகிறவள் போகட்டும் என்று சொல்லியிருப்பாள். நான் ஆசை ஆசையாகப் பதிவு செய்து கொண்டுபோயிருப்பது அந்த வார்த்தையைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நின்றது. அழுகை எழுந்தது. யாரோ தாழ்ப்பாளை உடைத்துத் திறக்க, இன்னொருவர் "அம்மா சாத்தியே இருக்கட்டும்னு சொன்னாங்க, சாத்து" என்றார். "அம்மா வீட்டுக் கதவை நீ யாருடா சாத்த?" என்றார் மற்றவர். உடல் சூடு ஆறுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. நான் நழுவிக் கொட்டகைக்கு ஓடினேன்.

இயந்திரத்திலிருந்து இறங்கியதும் ஸ்கேல் பேனாவை எடுத்தார்.

"எதையாவது தொட்டியாம்மா?"

"கதவைச் சாத்திட்டேன் சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணும்னேவா?" என்றார்.

"சத்தியமா இல்ல சார். பழக்கதோஷம்."

இரண்டு பேரும் வெளியே வந்தோம். முன்னறையில் அதே மேசை, அதே தண்ணீர்க் குடம். பதிவு கேட்டு வந்து மேசைமேல் இருந்த கடிதத்தில் மட்டும் ஒரு சபையின் முத்திரைக்குப் பதிலாக இரண்டு இருந்தன. திறந்த கதவுச் சபை, சாத்திய கதவுச் சபை. நானூறு வருடமாக இவர்களுக்குள் தீராத ஒரு வழக்கைத் தீர்த்துத் தரும்படி இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருந்தார்கள். மருத்துவச்சி மறைந்த அன்று கதவைச் சாத்தியது யார்? காற்று என்கிறார்கள் ஒரு பக்கத்தார். இறைவனின் கை என்கிறார்கள் மறு பக்கத்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

என் சாமான் பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தேன். மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் அக்காவிடமிருந்து.

"அக்கா" என்ற அந்த எழுத்துகளை எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பிறகு அழுத்தினேன்.

"எத்தனை தடவடி கூப்பிடறது? போனை எடுக்கறதுக்கு உனக்கு ஆள் வெக்கணுமா? உன் கண்ணாடி ரெடியாகி ரெண்டு நாளாச்சு. வந்து வாங்கிக்கிட்டுப் போ."

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். "வரேன்க்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அக்காவின் கடைக்கு எனக்கு வழி தெரியாது. கண்ணாடி ரெடி என்றாளே, அதை வைத்துக் கண்ணாடிக் கடை என்று ஊகித்து, தெருவில் நான்கு பேரிடம் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஆறு தெரு தள்ளித்தான் இருந்தாள். பத்தொன்பது வருடம் ஊர் ஊராகத் தேடினவளுக்கு ஆறு தெரு! சின்னக் கடை. சுவரெல்லாம் பிரேம்கள், மூலையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம், எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்து அட்டை. காதோரம் நரைத்த ஒரு பெண், சக்கரத்தில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. நேற்று பார்த்தவளை எதற்கு எழுந்து வரவேற்பார்கள்? கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டி, "மூணாவது வரி படி" என்றாள்.

எங்கே படிப்பது? எழுத்தெல்லாம் நீந்தியது.

"என்னடி, அழறியா? கண்ணு கலங்குனா நம்பர் தப்பா காட்டும். முதல்ல தொடச்சுக்க."

நான் துடைக்கவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கையில் இருந்த லென்ஸ் தேய்த்த மாவெல்லாம் என் முதுகில் அப்பியது. "பைத்தியம், பைத்தியம்" என்று திட்டிக்கொண்டே முதுகைத் தட்டினாள். அவளுக்கு என்னோடு கழிந்த பத்தொன்பது வருடம் நினைவிருக்கிறது. எனக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கொடுத்ததே பெரிது, அதில் குறை சொல்ல நான் யார்?

"அக்கா, உன்னைத் தள்ளி வெச்ச அன்னிக்கு என்ன ஆச்சு? இன்னொரு தடவ சொல்லு" என்றேன். இந்த உலகத்திலும் அது நடந்திருக்கும் என்று ஊகித்துத்தான் கேட்டேன்.

"எத்தனை தடவடி கேப்பே?" என்றாலும் சொன்னாள். "பையோட தெருவில நின்னேன். எங்க போறதுன்னு தெரியல. நடந்து நடந்து அந்தச் சாத்துன கதவுக் கூடத்துக்கு வந்தேன். சின்ன வயசுல அவங்களை நாம எவ்வளவு கேலி பண்ணியிருப்போம்? தட்டினேன். ஒரு வழுக்கைத் தலை மனுஷன் திறந்தாரு. ஒண்ணும் கேக்கல. உள்ள வாம்மான்னாரு. எனக்குப் பின்னால கதவைச் சாத்தினாரு. உள்ள வந்தவங்களை யாரும் வெளிய அனுப்பக் கூடாதுங்கறதுக்குத்தான் அவங்க சாத்தறதே. மருத்துவச்சி அப்படித்தான் சொன்னாங்கன்னு அவங்க சொல்வாங்க, நம்ம திறந்த கதவுச் சபை அதை நம்பறதில்ல. அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும்தான் உக்காந்து அழுதேன். அதுவரைக்கும் அழுகையே வரல."

"அம்மா?"

"மறுவாரமே என் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டு வந்தாங்களே. வேற சபையில சேர்ந்தவளோட பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லியே. நீயும்தான் கூட வந்தே. மறந்துட்டியா?"

அந்த வாழ்க்கையில் நான் போயிருக்கிறேன். தலையைக் குனிந்தவள், ஒரு வாரத்தில் நிமிர்ந்து அவளைப் பார்க்கப் போயிருக்கிறேன். இதைக் கேட்டபோது நான் அடைந்த நிம்மதிக்கு எதையும் ஈடு சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் ஸ்கேல் என்னைக் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. எங்கள் பழைய உலகத்தில் அந்த இடத்தில் சைக்கிள்தான் நிறுத்துவார்கள்.

"படி" என்றார்.

இருநூறு வருடங்களுக்கு முன்னால், கதவைச் சாத்துவதா திறப்பதா என்று இரண்டு சபையாரும் அந்தக் கடைவீதியில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு பேர் செத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் தொழிலும் வயதும் கல்லில் வெட்டியிருந்தது. செருப்பு தைப்பவர், இருபத்தாறு. கீரை விற்பவள், ஐம்பது. தண்ணீர் சுமப்பவர், பதினெட்டு. நான் நாற்பத்தொன்றையும் படித்தேன்.

"நம்ம உலகத்துல இவங்க செத்திருக்க மாட்டாங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மாத்தினா மூணு நாளைக்குள்ள மாத்தினவங்களே போய்ச் சரி பண்ணணும். தெரியும்ல? வேற யாரும் பண்ண முடியாது. ரெண்டு நிமிஷம் முன்னாடி போய், கதவுக்கு அடியில ஒரு கல்லை வெச்சுட்டு வந்தா போதும். நீ சாத்தினாலும் சாத்தாது."

எங்கள் ஒரே சபை தள்ளி வைத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போய் எப்படிச் செத்தார்கள் என்று யாரும் கல்லில் வெட்டவில்லை. அந்தக் கணக்கை இந்தக் கணக்கோடு எந்தத் தராசில் வைப்பது? என் அக்காவுக்காகக் கீரை விற்றவளைக் கொடுக்கலாமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் வரவில்லை. அன்று முழுக்க அக்கா கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் போக மாட்டேன் என்று தெரியும்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டேன். உள்ளறைக்குக் கிளம்பும் நேரத்தில் முன்னறையில் குரல் கேட்டது.

"என் தங்கச்சி இங்கதான வேலை பாக்கறா? நேத்துலேர்ந்து போனை எடுக்கல. உடம்புக்கு ஏதும் முடியலியா?"

ஸ்கேல் அவளை உட்காரச் சொன்னார். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உட்கார்ந்தாள். அவரையே உற்றுப் பார்த்தாள். அவர் கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவருக்குத் தன் மூக்குமேல் இருக்கும் கோணல் தெரியாது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்றாள்.

வாங்கி, பிரேமின் காலை இரண்டு விரலால் மெதுவாக வளைத்து, தன் புடவையில் துடைத்து, அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். "இப்போ நேரா தெரியுதா?"

அவர் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரியுதும்மா" என்றார்.

உள்ளறைக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "நீ போய்க் கல்லை வெச்சுட்டு வந்தா, வெளிய உக்காந்திருக்கிறவங்க எங்க இருப்பாங்க?"

"தெரியாது சார். பத்தொம்பது வருஷம் தேடியும் தெரியல."

அவர் ஸ்கேலை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"அந்த நாப்பத்தோரு பேரு சார்?" என்றேன். எனக்கே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"அவங்களைக் கொன்னது கதவு இல்லம்மா. கம்பெடுத்தவங்க." ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அது முழு பதில் இல்ல. அதுவும் எனக்குத் தெரியும்" என்றார்.

முழுப் பதில் என்னிடமும் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண் தரையில் உட்கார்ந்தது என் கண்முன்னால் நின்றது. கல்லை வைத்தால் அவளை என் கையால் தெருவில் தள்ளுகிறேன். வெளியே உட்கார்ந்திருப்பவளையும் சேர்த்துத் தள்ளுகிறேன். ஒருமுறை தலையைக் குனிந்தவள் நான். இன்னொரு முறை என்னால் ஆகாது.

"நான் போகலை சார். என்னை வேலையை விட்டு நிறுத்துங்க. சந்தோஷமாப் போறேன்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து அலுவலக விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். சத்தமாகப் படித்தார்: "பணி நேரத்தில் ஊழியர் தாம் கடந்து வரும் எந்தக் கதவையும் உடனே சாத்த வேண்டும்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ அங்க பணி நேரத்துலதான இருந்தே?"

"ஆமா சார்."

"எந்தக் கதவையும்னு போட்டிருக்கு. எந்தக் காலத்துக் கதவுன்னு போடல. தப்பு நடந்தாத்தான் திருத்தணும். இது விதிப்படி நடந்தது. திருத்த என்ன இருக்கு?"

பதிவேட்டில் எழுதினார். விதிப்படி கதவு சாத்தப்பட்டது, திருத்தம் தேவையில்லை. ஸ்கேல் வைத்து அடியில் கோடு போட்டார். அந்தக் கோடு மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. "வெளிய அக்கா காத்திருக்காங்க, போ" என்று துரத்திவிட்டார்.

பதிவை இரண்டு சபையாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். தாமதமாக வந்த ஒரு பெண் கதவைச் சாத்தினாள், அவள் யார் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அத்தனையும் உண்மை. இரண்டு பக்கமும் நாங்கள் சொன்னதுதான் சரி என்று எழுந்தார்கள். பிறகு மருத்துவச்சியின் குரல் வந்தது. கையில ஏந்திக்கத்தான் கொண்டுவந்தேன், தள்ளுறதுக்கு இல்ல. அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. திறந்த கதவுச் சபையில் தள்ளி வைக்கும் வழக்கம் இனி வேண்டாம் என்று பேச்சு நடக்கிறது. எப்போது முடியுமோ, சபைக் காரியம். நான் மாதம் ஒருமுறை கடைவீதிக் கல்லுக்குப் போய் நாற்பத்தொன்றையும் படித்துவிட்டு வருகிறேன். மன்னிப்பு கேட்பதில்லை, கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. படிக்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் அம்மாவை நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதியோர் அட்டைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. போன வாழ்க்கையிலும் இதே ஜன்னல் முன்னால், இதே படிவத்துக்காக, அம்மாவோடு நின்றிருக்கிறேன். பிள்ளைகள் எத்தனை என்று குமாஸ்தா கேட்டார். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அவளுக்கு அப்போது குரலே சன்னமாகிப் போயிருந்தது. யாரிடம் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும்.

இந்த முறையும் அந்தக் குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

"பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பொண்ணுங்க" என்றாள் அம்மா. வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம். "பெரியவ கண்ணாடிக் கடை வெச்சிருக்கா. வாயாடி, நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்போது சொல்லுவா. அவளை மேய்க்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுது. சின்னவ இதோ நிக்கறாளே, இவதான்."

குமாஸ்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவங்க எதுக்கு அழறாங்க?"

"அவ அப்படித்தான். கொஞ்ச நாளா எதுக்கெடுத்தாலும் அழறா" என்றாள் அம்மா. "நீங்க எழுதுங்க தம்பி. ரெண்டுன்னு எழுதுங்க."